கனவுப் புள்ளி

விருகம்பாக்கம் மார்க்கெட்டில் சுகந்தி ஒரு முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஊரில் இப்போது பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன் பெரியம்மா," என்றாள். "அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல."

சுகந்தி அந்தப் பெண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனாலும் கையை உதறவில்லை. இது பழகிவிட்டது.

"நல்லதாப் போச்சும்மா. இனிமே நிம்மதியா இரு."

"சரி பெரியம்மா. அந்த மாடிப்படி இன்னும் ஈரமாத்தான் இருக்கு. வரும்போது பார்த்து வாங்க."

அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் கரைந்துபோனாள். எந்த மாடிப்படி, அதில் ஏன் ஈரம் என்பதெல்லாம் அவளுடைய தூக்கத்துக்குள் இருக்கும் சங்கதி. சுகந்திக்கு அங்கே என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று சுகந்திக்கே தெரியாது. தன்னைக் கேட்காமல் தான் எங்கெங்கோ போய் யார் யாரிடமோ பேசிவிட்டு வருவதாக அவளுக்குத் தோன்றும். காலையில் எழுந்திருக்கும்போது கால் வலித்தால்கூட அந்தச் சந்தேகம் வரும்.

இத்தனைக்கும் அவள் ஒரு சாதாரண டிவி நடிகை.

ஒரு காலத்தில் ரேட்டிங் என்பது எளிமையான விஷயமாக இருந்தது. சில வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். எந்தச் சேனல் ஓடுகிறது என்று அது குறித்துக்கொள்ளும். வாரா வாரம் புள்ளி வரும். புள்ளி ஏறினால் சேனலில் கேக் வெட்டுவார்கள், இறங்கினால் கதையில் யாருக்காவது விபத்து நடக்கும். அந்தக் காலத்தில்தான் 'நாலாவது மாடி நாகலிங்கம்' என்ற நகைச்சுவைத் தொடரில் சுகந்தி நாகலிங்கத்தின் மனைவியாக நடித்தாள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே இடத்தில் சிரிப்புக் கேட்கும்.

பிறகு விளம்பரம் கொடுப்பவர்கள் விழித்துக்கொண்டார்கள். டிவி ஓடுகிறது, சரி. பார்ப்பவர் கண் செல்போனில் அல்லவா இருக்கிறது? ஓடுவதை அளந்து என்ன பயன், மனதில் தங்குவதை அல்லவா அளக்க வேண்டும்? அப்படித்தான் தலையணை மீட்டர் வந்தது. அப்பளம் அளவில் மெத்தென்று ஒரு வட்டம். தலையணை உறைக்குள் போட்டுவிட்டால் தூங்குகிறவர் கனவில் எந்தத் தொடர் வருகிறது, அதில் யார் வருகிறார் என்று எழுதிக்கொள்ளும். அதைக் கனவுப் புள்ளி என்றார்கள். மீட்டர் வைத்துக்கொண்ட வீடுகளுக்கு இன்டர்நெட் இலவசம். ஜனங்கள் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதல் வாரக் கணக்கு வந்தபோது நாகலிங்கத்துக்குப் புள்ளி பூஜ்யம்.

அப்போதும் வெள்ளிக்கிழமை சிரிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். ஒருவர் கனவிலும் நாகலிங்கம் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாச் சேனலிலும் இதே கதைதான். ஒரு மழைக்காலத்துக்குள் தமிழில் நகைச்சுவைத் தொடர் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. மிச்சமிருந்த குடும்பத் தொடர்கள் இருட்டத் தொடங்கின. எது கனவுக்குள் நுழையும் என்று எழுதுகிறவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. கிணறு, பூட்டிய அறை, தொலைந்த குழந்தை, எவ்வளவு ஓடினாலும் நகராத கால்கள்.

சுகந்திக்கு 'செங்கமலத்தின் சபதம்' என்ற தொடரில் ஓரமாக ஒரு வேடம் கிடைத்தது. கோமதி பெரியம்மா. வசனம் கிடையாது. கூடத்தில் குடும்பம் கத்திக்கொண்டிருக்கும்போது காபித் தட்டோடு பின்னால் நிற்க வேண்டும். யாராவது பயங்கரமாக ஒன்றைச் சொன்னதும் கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் மும்முறை இடிக்கும். கடைசியில் கோமதி பெரியம்மாவிடமும் வரும். எல்லோரும் அதிர்ச்சியைக் காட்டுவார்கள். சுகந்திக்கு அதிர்ச்சி சரியாக வராது. இத்தனை வருடம் சிரிக்க வைத்த முகம். 'இவ்வளவுதானே, போய்ட்டுப் போகுது' என்பது போல ஒரு பார்வை மட்டும் வந்தது. டைரக்டர் இரண்டு தரம் திருத்திப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நிற்பவள்தானே என்று விட்டுவிட்டார்.

அந்தக் கோமதி பெரியம்மாதான் இப்போது தமிழ்நாட்டின் கனவுகளில் முதலிடம்.

அதை அவளிடம் முதலில் சொன்னவள் ஃபர்ஹானா. மீட்டர் கம்பெனியில் தூக்கத்தைப் பற்றி ஆராயும் பெண். நேரில் பார்க்க வேண்டும் என்று படப்பிடிப்பு நடக்கும் பங்களாவுக்கு ஒரு மத்தியானம் வந்தாள். வெயிலில் தோட்டமே சொக்கிப்போயிருந்தது. லைட் பையன்கள் புல்லில் படுத்துக் கிடந்தார்கள். சுகந்தியும் அவளும் மாமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஒருத்தர் கனவை நீங்க எப்படிம்மா பார்க்குறீங்க? எனக்கு அதுதான் கூச்சமா இருக்கு," என்றாள் சுகந்தி.

"படமாப் பார்க்க முடியாது ஆன்ட்டி. டிவி பார்க்கும்போதும் அந்தத் தலையணையில சாஞ்சுதான் பார்க்கணும்னு சொல்லியிருக்கோம். ஒவ்வொரு முகத்தைப் பார்க்கும்போதும் மூளையில ஒரு தடம் விழும். தூக்கத்துல அதே தடம் வந்தா அந்த முகம் வந்திருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான் தெரியும். அப்புறம் நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு தெரியும்."

"என்னைப் பார்த்தா வேகமா அடிக்குதா?"

ஃபர்ஹானா சிரிக்கவில்லை. "அதைச் சொல்லத்தான் வந்தேன். சேனலுக்கு நாங்க புள்ளி மட்டும்தான் கொடுக்குறோம். இதை அவங்க கேட்கவும் இல்ல. செங்கமலம் வந்தா, அந்த வில்லன் வந்தா, தூங்குறவங்களுக்கு நெஞ்சு தடதடன்னு அடிக்கும். பாதிப் பேரு எழுந்து உட்கார்ந்துடுவாங்க. ஆனா சில கனவுல நடுவுல நீங்க வர்றீங்க. நீங்க வந்ததும் அடிக்கிறது குறையுது. புரண்டு படுத்துத் தூங்கிடுறாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, எங்க பார்த்தாலும் இதே மாதிரிதான்."

சுகந்தி மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில், கதவு கதவாகத் திறந்து, தான் காபித் தட்டோடு நடந்துகொண்டே இருப்பதாக அவளுக்கு ஒரு காட்சி தோன்றி மறைந்தது.

"நாகலிங்கத்துல நான் அவ்வளவு பேசினேன். அது ஏம்மா ஒருத்தர் கனவுலயும் வரல?"

"சிரிப்பு அங்கேயே தீர்ந்துடும் ஆன்ட்டி. தீராததைத்தான் கனவு எடுத்துக்கும்."

அந்த வாரத்திலேயே சகாயம் என்பவர் வந்தார். பங்களா வாசலில் தண்ணீர் லாரி ஒன்று நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் தொட்டியில் குழாயைப் போட்டுவிட்டு, துண்டால் கையைத் துடைத்தபடி தயங்கித் தயங்கிச் சுகந்தியிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"நான் சீரியல் பார்க்குற ஆளு இல்லம்மா," என்றார் எடுத்த எடுப்பில். "என் பொண்ணு ரெஜினா பார்ப்பா. நர்சிங் படிச்சினு இருந்தா. போன வருசம் மஞ்சள் காமாலை வந்து..." திரும்பித் தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்த்தார். "அவ பார்த்த நேரத்துக்கு டிவியப் போட்டு வுட்டுட்டு அவ தலகாணியில சாஞ்சுக்குவேன். அப்படித்தான் உங்களப் பார்த்தேன்."

"உட்காருங்க அண்ணே."

"இல்லம்மா, நிக்கிறேன். கனாவுல ஒரு பெரிய பாலம் வரும். அந்தாண்ட பக்கம் தெரியாது. அங்கேந்து நீங்க அவளக் கையப் புடிச்சுக் கூட்டினு வர்றீங்க. பாதி பாலம் வரைக்கும். நான் இந்தாண்ட நிக்கிறேன். அவ என்னைப் பார்ப்பா. அவ்ளோதான். அப்புறம் நீங்க திருப்பிக் கூட்டினு போயிடுவீங்க."

சுகந்தி தானும் எழுந்து நின்றாள். 

"உங்களுக்கு அலைச்சல்தான். தெரியும். ஆனா கூட்டினு வர்றத நிறுத்திடாதீங்கம்மா. அத கேட்டுனு போகத்தான் வந்தேன்."

"நிறுத்த மாட்டேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தன் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்தது. அதற்குள் அவர் கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டார்.

ஹரிணி சேனலின் நிகழ்ச்சித் தலைவி. சுகந்தியைவிடப் பத்து வயதாவது சின்னவள். எல்லோரையும் மேடம், சார் என்று மரியாதையாகக் கூப்பிடுவாள், குரலை உயர்த்தவே மாட்டாள். ஒரு திங்கட்கிழமை சுகந்தியை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, தானே எழுந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எழுத்தாளர் இளமாறனும் அங்கே உட்கார்ந்திருந்தான். நாகலிங்கத்தை எழுதியவனும் அவன்தான், இப்போது செங்கமலத்தை எழுதுகிறவனும் அவன்தான். அவன் சுகந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாழ்த்துக்கள் மேடம். உங்களை இனிமே ஓரத்துல வச்சிருக்க முடியாது," என்றாள் ஹரிணி. "வர்ற ஞாயிற்றுக்கிழமை நேரலை எபிசோடு. அது முழுக்க உங்களுடையதுதான்."

முகங்களை மெஷினே வரைந்து நடமாட விடும் காலம் அது. எதைக் காட்டினாலும் ஜனங்கள் நிஜமா பொய்யா என்று சந்தேகப்பட்டார்கள். அதனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இரவு எட்டு மணிக்கு, அப்போதே நடித்து அப்போதே ஒளிபரப்பினார்கள். அதற்கு மட்டும் தனி மவுசு.

"கதை என்ன?" என்று கேட்டாள் சுகந்தி.

ஹரிணி இளமாறனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த வீட்டுல இத்தனை வருஷமா நடந்த சாவு அத்தனைக்கும் காரணம் கோமதி பெரியம்மாதான் அக்கா. காபியில கலந்து கொடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை அது வெளிய வருது. கலக்கும்போது கேமராவைப் பார்க்குறீங்க. அந்தப் பார்வையோட முடியுது."

சுகந்தி ஹரிணியின் பக்கம் திரும்பினாள். 

"ஜனங்க கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஒரே ஆள் நீங்க," என்றாள் ஹரிணி. "நீங்களே அப்படின்னு தெரிஞ்சா? ஒருத்தர் கனவுலயும் வேற எதுவும் வராது மேடம். இதுவரைக்கும் யாருக்கும் வராத புள்ளி வரும்."

"அவங்க தூங்கவே மாட்டாங்களேம்மா."

"தூங்குவாங்க. கனவு காணத் தூங்கித்தானே ஆகணும்?" ஹரிணி கண்களைக் கசக்கிக்கொண்டாள். "நான் மட்டும் தூங்குறேனா சொல்லுங்க. மாத்திரை போட்டும் வர மாட்டேங்குது. அதுக்காக வேலையை விட்டுட முடியுமா?"

"நான் இதைச் செய்யல. வேற யாரையாவது வச்சுக்கோங்க."

"நீங்க வரலேன்னா வேற ஒருத்தங்க மேல உங்க முகத்தை ஒட்டிக்குவோம். ஒப்பந்தத்துல அதுக்கு நீங்க சம்மதம் கொடுத்திருக்கீங்க. ஒட்டினா கொஞ்சம் செயற்கையாத் தெரியும்னுதான் உங்களைக் கேட்குறேன். எப்படியும் ஞாயித்துக்கிழமை கோமதி பெரியம்மா கலக்கத்தான் போறாங்க. அது நீங்களா இருந்தா எல்லாருக்கும் நல்லது."

வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது இளமாறன் பின்னாலேயே வந்தான்.

"நான் எழுதலேன்னா மெஷின் எழுதும் அக்கா. அது இன்னும் மோசமா எழுதும்."

"உன்னைத் திட்டலடா."

"திட்டுங்க. திட்டினா நல்லா இருக்கும்."

அவள் திட்டவில்லை. லிஃப்டு வந்தது. அவன் உள்ளே வராமல் நின்றுவிட்டான்.

சனிக்கிழமை சுகந்தி சகாயத்துக்குப் போன் செய்தாள். லாரியின் பின்னால் எழுதியிருந்த எண்ணை அன்றைக்கே மனதில் வாங்கி வைத்திருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு மட்டும் சீரியல் பார்க்காதீங்க."

"ஏம்மா?"

கதையை வெளியே சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆனாலும் அவள் சொல்லிவிட்டாள்.  மறுமுனையில் எங்கோ ஒரு கப்பல் ஊதுவது கேட்டது.

"பார்க்கலேன்னா அவ வர மாட்டாளேம்மா," என்றார். பிறகு, சின்னக் குழந்தை கேட்பது போல, "நீங்க அவளுக்கு ஒண்ணும் கொடுத்துட மாட்டீங்களே?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பங்களா முழுக்க வெளிச்சம். மேக்கப் போடும் பெண் சுகந்தியின் கண்ணோரத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தாள். அந்த ஒரு கோட்டில் கோமதி பெரியம்மா வேறு ஆளாகிவிட்டாள். கண்ணாடியில் அந்த முகம் பாலத்தின் மேல் நடந்து வருவதாக நினைத்துப் பார்த்தாள் சுகந்தி. கையில் ஒரு பெண்ணின் கை. உடனே கண்ணாடியை விட்டுத் திரும்பிக்கொண்டாள்.

எட்டு மணிக்குத் தொடங்கியது. கூடத்தில் கத்தல், அழுகை, அறை. செங்கமலத்தின் அப்பாவாக நடிக்கும் தண்டபாணி சோபாவில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, ஒரு வாய் காபி," என்றார். கதைப்படி கோமதி அவருடைய அண்ணன் மனைவி. சுகந்தி சமையலறைக்குள் போனாள். ஒரு கேமரா அவள் தோளுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்தது.

தம்ளரில் டிகாக்‌ஷன் விட்டாள், பாலை ஊற்றினாள். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். எல்லாம் ஒத்திகையில் செய்தபடியே. பின்னணி இசை அடித்தொண்டையில் உறுமியது. பொட்டலத்தைக் கவிழ்த்தாள். கரண்டியால் கலக்கினாள். மெல்ல, மிக மெல்ல, கலக்கும் கையின் வளையல் சத்தம் மட்டும் கேட்கும்படி. அடுத்து நிமிர்ந்து கேமராவைப் பார்க்க வேண்டும்.

அவள் நிமிரவில்லை. காபி கலக்கும் எல்லோரும் செய்வதைச் செய்தாள். கரண்டியிலிருந்து இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

முகம் சுருங்கியது. சர்க்கரை பத்தவில்லை.

டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டாள். கலக்கினாள். மறுபடியும் உள்ளங்கையில் விட்டு நக்கினாள். இந்தத் தடவை சரியாக இருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு தம்ளரைத் தட்டில் வைத்தாள். அதன் பிறகுதான் அவள் உடம்பு அப்படியே நின்றது. பிரித்த பொட்டலத்தைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். முந்தானையால் நாக்கைத் துடைத்தாள், ஒரு தரம், இரண்டு தரம், பிறகு அவசர அவசரமாகப் பல தரம். கடைசியில் நாக்கை நீட்டியபடியே நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

யோசித்துச் செய்தாயா, தானாக வந்ததா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை. கை போய்விட்டது, அவ்வளவுதான்.

முதலில் கேமரா குலுங்கியது. அதைப் பிடித்திருந்தவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோளைக் குலுக்கினான். சமையலறை வாசல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தண்டபாணி, சாக வேண்டியவர், சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, அந்தக் காபி எனக்கா, உங்களுக்கா?"

எழுதாத வசனம். சுகந்தி தம்ளரைப் பார்த்தாள்.

"ஆளுக்குப் பாதி தம்பி."

செங்கமலமாக நடிக்கும் பெண் கிளிசரின் கண்ணீரோடு முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். பிறகு அவளிடமிருந்து ஒரு கேவல் வந்தது, அது சிரிப்பு. கூடத்தில் ஒருவர் மிச்சமில்லை. வில்லன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாரோ ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். நிறுத்த வேண்டியவனுக்குக் கை வரவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக, பங்களாவுக்கு வெளியே தெருவிலிருந்து, வீட்டுக்கு வீடு அதே சிரிப்பு வருவதைச் சுகந்தி கேட்டாள்.

மறுநாள் காலையில் ஊர் எழுந்திருக்க நேரமாயிற்று. வாசல்களில் பால் பாக்கெட்டுகள் அப்படியே கிடந்தன. பள்ளிக்கூட வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. பஸ்கள் காலியாகப் போயின. வெயில் சுள்ளென்று ஏறிய பிறகும் தெருக்கள் ஆற்றுமணல் போல அமைதியாக இருந்தன.

"முதல்ல மெஷின் ரிப்பேர்னு நினைச்சோம் ஆன்ட்டி," என்று ஃபர்ஹானா போனில் சொன்னாள். அவள் குரலிலும் தூக்கம் ஒட்டியிருந்தது. "எல்லாப் புள்ளியும் பூஜ்யம். செங்கமலம் இல்ல, வில்லன் இல்ல. நீங்களும் இல்ல. அப்புறம்தான் பார்த்தோம், மெஷின் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஜனங்க தூங்கியிருக்காங்க."

ஹரிணி அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. இனி வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே சுகந்தியின் முகத்தை வேறொருத்தி மேல் ஒட்டி, அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்து, அடுத்த நாளே காட்டினார்கள். இந்தக் கோமதி பெரியம்மா சொட்டு விட்டு நக்கவில்லை. நிமிர்ந்து, கல்லையும் உறைய வைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயமுறுத்தப் பயமுறுத்தச் சிரித்தார்கள். ஒரு தரம் பார்த்துச் சிரித்துவிட்ட முகத்துக்குப் பிறகு யார் பயப்படுவார்கள்? சில வாரங்களில் செங்கமலம் சபதத்தை நிறைவேற்றாமலேயே முடிந்துபோனாள். விளம்பரக்காரர்கள் கனவுப் புள்ளியைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். அடுத்து எதை அளக்கலாம் என்று எங்கோ கூட்டம் போட்டுப் பேசுவதாகச் சொன்னார்கள்.

சுகந்திக்கு வேலை இல்லை. மார்க்கெட்டில் யாரும் இப்போது அவள் கையைப் பிடிப்பதில்லை. எங்கோ பார்த்த முகம் என்பது போல ஒரு விநாடி தயங்கிவிட்டுக் கடந்து போனார்கள். ஒவ்வொரு நாளும் ஆயிரம் வீட்டுக்குள் போய் வந்தவளுக்கு, திடீரென்று எல்லாக் கதவும் சாத்தியிருப்பது போலிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒரே ஒரு நினைப்புதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு பாலம், இந்தப் பக்கம் ஒரு மனிதர், எதிரே யாரும் வராத வெறும் பாலம்.

போன் செய்யத் துணிச்சல் வரவில்லை. ஒரு சாயங்காலம் விசாரித்துக்கொண்டு காசிமேட்டுக்கே போய்விட்டாள். கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, நீலச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. சகாயம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே பார்த்து, "பிலோமினா, யாரு வந்துக்கீறாங்க பாரு," என்றார். அவருடைய மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் டீ போட உள்ளே போனாள்.

"மன்னிச்சுடுங்க அண்ணே," என்றாள் சுகந்தி. உட்காரக்கூட இல்லை. "நிறுத்த மாட்டேன்னு உங்ககிட்டச் சொன்னேன்."

"அவ வரலம்மா," என்றார் சகாயம். "அன்னிலேந்து ஒரு நாளும் வரல."

 அவர் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல் நாள் எனக்கு உங்க மேல கோவம்தான். பொய் சொல்லக் கூடாது. நல்லா தூங்கி எழுந்து, இப்படித் தூங்கிட்டமேன்னு என் மேலயும் கோவம். பல்லு விளக்கப் போனேன். கண்ணாடியில மூஞ்சப் பார்த்தேனா..." அவர் நிறுத்தி மீசையைத் தடவினார். "இது நரைச்சுப் போயிருக்குது பாருங்க. முன்ன டை அடிப்பேன். என் மச்சான் கல்யாணத்துக்கு முந்தின நாளு, புதுசா எவனோ வித்தான்னு ஒண்ண வாங்கி அடிச்சேன். கொஞ்ச நேரத்துல பார்த்தா மீசை மட்டும் இல்ல, ஒதடு, மூக்கு, எல்லாம் கருப்பு..." அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. "கழுவக் கழுவப் போவல. ரெஜினா பார்த்துட்டா. பேச்சே வரல அவளுக்கு. தரையில உருள்றா. மறுநாளு சர்ச்சுல, பாதிரியார் ஜெபம் சொல்றாரு, இவ என் மூஞ்சப் பார்த்துட்டு தூணுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குறா..."

மேலே சொல்ல முடியவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். அது என்ன என்று தெரியாமல் சுகந்தி பயந்துபோய்ப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கனாவுல வந்தவ சும்மா நின்னு பார்ப்பாம்மா," என்றார் மூச்சு வாங்க. "அவ சிரிச்சா எப்படி இருப்பான்னே எனக்கு மறந்து போச்சு. அன்னிக்குக் கண்ணாடி முன்னால நிக்கிறேன், காதுல கேட்குது. முழிச்சுனு இருக்கேன். பகல் வெளிச்சத்துல கேட்குது."

பிலோமினா மூன்று தம்ளரில் டீயோடு வந்து நின்றிருந்தாள். மகளைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் பெயரைப் பிலோமினா வாயால் சொன்னதில்லை, பிறர் சொன்னாலும் எழுந்து போய்விடுவாள் என்று சகாயம் பிறகு சொல்லித்தான் சுகந்திக்குத் தெரியும். அந்த நேரத்தில் சுகந்தி கண்டதெல்லாம், ஒரு பெண் டீத் தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததைத்தான்.

"கருப்பு இல்ல," என்றாள் பிலோமினா. "அது காய்ஞ்சதும் பச்சையாப் போச்சு. அத வுட்டுட்டீங்களே."

சகாயம் துண்டை எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"இவரு பாதிதான் சொல்றாரும்மா," என்று அவள் சுகந்தியின் பக்கம் திரும்பினாள். "சர்ச்சுலேந்து வீட்டுக்கு வந்த பொறவு ரெஜினா என்ன பண்ணா தெரியுமா? நான் சொல்றேன், கேளுங்க."